மொறிஸ் மைனரின் முன் சில்லுகள்



1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் காரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. எனினும் நமது நாட்டு வீதிகளில் அதனை இன்றும் காணலாம். இக்காரை வைத்திருப்போர் எஞ்சினின் ஓசையைக் கவனிக்குமளவுக்கு, முன் சில்லுகளைத் தாங்கும் உறுப்புகளைக் கவனிப்பதில்லை. உயிராபத்து விளையக்கூடிய இடமோ அதுவேயாகும்.

முன் சில்லு இடமும் வலமும் திரும்புவதற்கு ஆதாரமாயிருப்பது செங்குத்தான ஓர் உருக்குத் தண்டு. அதன் இரு முனைகளிலும் புரிகள் வெட்டப்பட்டுள்ளன. மேலும் கீழும் அமைந்த ட்ரன்னியன் எனப்படும் உலோகக் கட்டைகளினுள் அப்புரிகள் பொருந்தித் திரும்புகின்றன. காரின் பாரத்தைத் தாங்குவது கீழ்ப்புரியே. கிறீஸ் வற்றினால் நீரும் தூசியும் புகுந்து புரி தேய்கின்றது. தேய்வு முற்றியதும் தண்டு கட்டையிலிருந்து கழன்று, சில்லு மடிந்து, காரின் முன்பக்கம் நிலத்தில் வீழ்கின்றது. ஸ்டியறிங் சீராக இருப்பதாகக் கைக்குத் தோன்றுவதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

இதனை அறிவது எவ்வாறு? முதலில், சில்லுகள் நிலத்தில் நிற்கையில் ஒருவர் ஸ்டியறிங்கைச் சிறிது இடமும் வலமுமாக அசைக்க, மற்றொருவர் அதன் இணைப்புக் கோல்களின் முனைகளை நோக்க வேண்டும். கோல் அசைந்தும் சில்லு அசையாது நிற்குமாயின், அம்முனை தேய்ந்துள்ளது.

அடுத்து, காரை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியிற் செல்லலாகாது. சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து, உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தென்படின், ஒருவரைப் பிறேக்கை அழுத்தச் செய்து மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை சில்லின் பேரிங்கில் உள்ளது. மறையாவிடின், தண்டும் ட்ரன்னியனும் சேருமிடத்தை விளக்கொளியில் உற்று நோக்குங்கள். அங்கே அசைவு தெரிந்தால் அக்காரை வீதியில் ஓட்டாது, திறமையான மெக்கானிக்கிடம் காட்டுவதே தகும்.

தேய்ந்த புரியைக் கிறீஸ் மீட்டுத்தராது. தண்டையும் கட்டையையும் மாற்றவே வேண்டும். ஆனால் தேயாத புரியை அது நெடுங்காலம் காக்கும். சில்லை உயர்த்திப் பாரத்தை நீக்கியபின் கிறீஸ் இட்டால் அது புரிகளினூடே எளிதிற் பரவும். பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும்வரை இடுங்கள். சில நிமிட வேலைதான். ஆனால் காரில் ஏறுவோரின் பாதுகாப்பு அதிலே தங்கியுள்ளது.