அம்மாவின் கையில் ஒரு ரிமோட்

எங்கள் கல்யாண் வீட்டுக் கூடத்தில் ஒரு கணினி இருக்கிறது. அது கணக்குப் பார்ப்பதில்லை, கடிதம் எழுதுவதில்லை. டிவிக்குக் கீழே ஷோகேஸில் உட்கார்ந்துகொண்டு பாட்டுப் போடும், படம் காட்டும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். "ரிட்டயர் ஆன கம்ப்யூட்டர்" என்பான் என் மகன். நானும் ரிட்டயர் ஆனவன்தான் என்பதால் அந்தக் கேலியில் எனக்கும் பாதிப் பங்கு.

அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போகுமுன் ஒரு நல்ல காரியம் செய்தான். என் அப்பா சேர்த்து வைத்திருந்த பாட்டுக் கேசட்டுகள், பழைய படங்கள், பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்த என் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அந்தக் கணினிக்குள் ஏற்றி, டிவியோடு இணைத்துவிட்டான். இதற்காக அவன் போட்டுத் தந்த மென்பொருளின் பெயர் கோடி. 2014 வரை அதை எக்ஸ்பிஎம்சி என்று அழைத்தார்கள். பெயர்தான் கோடி, விலை ஒரு காசு கிடையாது.

எல்லாம் சரி. ஆனால் அதை இயக்க மவுஸும் விசைப்பலகையும் வேண்டும். பார்க்க வேண்டியவரோ என் அம்மா. வயது 81. கண்புரை அறுவை ஆனவர். விரல் மூட்டுகளில் வாதம். மவுஸின் அம்புக்குறியைத் திரையில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கை நடுங்கி அது எங்கோ ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் என்னையோ என் மனைவியையோ கூப்பிட வேண்டும். முதலில் கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவது குறைந்தது. "பாட்டுப் போடட்டுமாம்மா?" என்று நானாகக் கேட்டால், "நீ ஒன் சோலியப் பாருய்யா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பார்.

அம்மா கேட்காமல் விட்டது பாட்டை மட்டும் அல்ல. அந்தக் கல்யாண வீடியோவில் பந்தி நடக்கும் இடத்தில் அப்பா சாம்பார் வாளியோடு வருவார். கேமராவைக் கண்டதும் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சில விநாடிகள்தான். அப்பா காலமாகி ஆறு வருஷமாகிறது. அந்த இடத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று மகனிடமோ மருமகளிடமோ கேட்க அம்மாவுக்குக் கூச்சம். இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கணினிக்கு ஒரு ரிமோட் வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

முதல் தவறு

ரிமோட்டின் பேச்சைக் கணினிக்குள் கொண்டுபோக ஒரு ரிசீவர் வேண்டும். யுஎஸ்பியில் செருகும் மலிவான ரிசீவர் ஒன்றை வாங்கினேன். கூடவே ஒரு ரிமோட்டும் வந்தது. விசிட்டிங் கார்டு அளவு. அதில் 40க்கு மேல் பொத்தான்கள். எல்லாம் தட்டையாக, தடவினால் ஒன்றுபோலவே இருந்தன. எனக்கே கண்ணாடி போட்டால்தான் எழுத்துத் தெரிந்தது. அம்மா இரண்டு நாள் முயன்றுவிட்டு அதை ஷோகேஸ் மேலேயே வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் தன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். எங்கள் பழைய டிவியின் ரிமோட்! டிவியைப் பழைய சாமான்காரரிடம் போட்டு வருஷங்கள் ஆகின்றன. ரிமோட்டை மட்டும் பிளாஸ்டிக் உறை மாட்டி, ரப்பர் பேண்ட் சுற்றி, நம் வீடுகளின் வழக்கப்படி பத்திரமாக வைத்திருக்கிறார்.

"இத வச்சு ஓட்ட முடியாதாய்யா? இதுன்னா எனக்குக் கை பழகிருச்சு."

சிரித்துவிட்டேன். பிறகு ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பெரிய பெரிய ரப்பர் பொத்தான்கள். எண்கள் தேய்ந்து போயிருந்தாலும் அம்மாவின் கட்டைவிரலுக்கு ஒவ்வொன்றும் தெரியும். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. நான்தான் தலைகீழாகத் தொடங்கியிருந்தேன். ரிசீவரை முதலில் வாங்கிவிட்டு, அதோடு வந்த ரிமோட்டை அம்மா கையில் திணித்தேன். கைக்கு ஏற்ற ரிமோட்டை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ரிசீவரையல்லவா தேடியிருக்க வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாத மினுக்கல்

ரிமோட்டின் முனையில் இருப்பது ஒரு சின்ன எல்இடி விளக்கு. அது விடுவது அகச்சிவப்புக் கதிர். நம் கண்ணுக்கு ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளிதான் தெரியும். பெரும்பாலான ரிமோட் விளக்குகள் 940 நானோமீட்டரை ஒட்டியவை. ஆனால் செல்போன் கேமராவுக்கு அது தெரியும். ரிமோட்டை முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்கினால் வெளிர் ஊதா நிறத்தில் மினுக்கும். ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை கிடையாது. அம்மாவின் ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டுப் பார்த்தேன், மினுக்கியது.

அந்த ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 38,000 தடவை துடிக்கிறது. விளக்கு வெளிச்சத்திலிருந்தும் வெயிலிலிருந்தும் ரிமோட்டின் குரலைப் பிரித்தறிய இந்தத் துடிப்புதான் ரிசீவருக்கு அடையாளம். எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே கணக்கு இல்லை. பிலிப்ஸ் வகுத்த ஆர்சி5 முறையில் 36,000. சோனி முறையில் 40,000. 38,000க்கு வைத்த ரிசீவர் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளும். ஆனால் எட்டும் தூரம் குறையும். துடிப்புக்குள்ளே பொதிந்திருக்கும் செய்தியின் மொழியும் முறைக்கு முறை வேறு. தமிழும் மராத்தியும் ஒரே ரயில் பெட்டியில் கேட்பதுபோல. காதில் விழுவது ஒன்று, புரிவது வேறு.

லாமிங்டன் ரோடில்

கல்யாணில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறி, தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறி, ஸ்லோ வண்டியில் கிராண்ட் ரோடு போய் இறங்கினேன். எலெக்ட்ரானிக் சாமானுக்கு மும்பையில் லாமிங்டன் ரோடை விட்டால் வேறு எங்கே போவது? அங்கே விசாரித்ததில் வழிகள் மூன்று என்று தெரிந்தது.

முதல் வழி, வெறும் ரிசீவர் சில்லு. டிஎஸ்ஓபி என்று தொடங்கும் பெயர், மூன்று கால்கள், இரண்டு வடாபாவ் விலை. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி வைத்திருப்பவர்கள் நேரடியாக இணைத்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: கால்களின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். 1738 எண்ணுள்ளதற்கும் 38238 எண்ணுள்ளதற்கும் வரிசை ஒன்றல்ல. மாற்றி இணைத்தால் சில்லு சுட்டுவிடும். சாலிடரிங் பழக்கம் இல்லாத எனக்கு இது ஒத்துவராது.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் 2002இல் கொண்டுவந்த மீடியா சென்டர் விண்டோஸுக்காக வந்த யுஎஸ்பி ரிசீவர் வகை. நல்ல உழைப்பாளி. ஆனால் 2015இல் வந்த விண்டோஸ் 10இல் மீடியா சென்டரே இல்லை. லினக்ஸில் இன்றும் பயன்படுத்தலாம். எந்த ரிமோட்டுக்கு எது பொருள் என்று நாமே அட்டவணை எழுதித் தர வேண்டும்.

மூன்றாவது, கற்றுக்கொள்ளும் ரிசீவர். ஏதாவது ஒரு ரிமோட்டைக் காட்டிப் பொத்தானை அமுக்கினால், "இதுதான் மேலே போகும் விசை, இதுதான் நிறுத்தும் விசை" என்று மனதில் வைத்துக்கொள்ளும். பிறகு கணினியிடம் தன்னை ஒரு விசைப்பலகை என்றே சொல்லிக்கொள்ளும். கணினிக்கு ரிமோட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. விலை மற்ற இரண்டையும்விட அதிகம்தான். இருந்தாலும் அதையே வாங்கினேன். அம்மாவின் ரிமோட்டுக்கு அதுதான் சரி.

ஒன்றுவிட்டு ஒன்று

அன்று இரவே உட்கார்ந்து ஆறே ஆறு பொத்தான்களைக் கற்றுக்கொடுத்தேன்: மேலே, கீழே, இடம், வலம், சரி, நிறுத்து. நான் அமுக்கினேன், வேலை செய்தது. அம்மாவிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

மறுநாள் மத்தியானம் கூடத்தில் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரிமோட்டை இரண்டு கைகளாலும் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். பந்தி வந்தது, அப்பா வந்தார், அம்மா அமுக்கினார், படம் நிற்கவில்லை. மறுபடி அமுக்கினார், நின்றது. அதற்குள் அப்பா போய், திரையில் யாரோ ஒரு மாமா வாய் நிறையச் சோற்றோடு நின்றார்.

"என் விரல்ல பலம் இல்லய்யா. அமுக்குறது அதுக்குப் பத்தல போல" என்றார் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. நான் அமுக்கிப் பார்த்தேன். நிதானமாக ஒவ்வொரு தடவையாக அமுக்கியபோது விஷயம் புரிந்தது. ஒன்றுவிட்டு ஒன்றுதான் வேலை செய்கிறது. முந்தின இரவு அவசரத்தில் படபடவென்று அமுக்கியதால் நான் கவனிக்கவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். கடைப் பையன் கேட்டதும் சொன்னான்: "ஏக் சோட்கே ஏக்? தோ பார் சிகாயியே, அங்கிள்." ஒன்றுவிட்டு ஒன்றா, அப்படியென்றால் இரண்டு தடவை கற்றுக்கொடுங்கள் என்றான்.

காரணம் இதுதான். ஆர்சி5 முறையில் ஒவ்வொரு செய்தியும் 14 துணுக்குகள் கொண்டது. அதில் மூன்றாவது துணுக்கு, பொத்தானை விட்டுவிட்டு மறுபடி அமுக்கும் ஒவ்வொரு தடவையும் மாறும்: ஒரு தடவை 0, அடுத்த தடவை 1. விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறோமா, புதிதாக அமுக்குகிறோமா என்று டிவி தெரிந்துகொள்ள இந்த ஏற்பாடு. கற்றுக்கொள்ளும் ரிசீவர் ஒரு வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தது. மற்றது வந்தபோது யாரோ அந்நியர் என்று விட்டுவிட்டது. ஆறு பொத்தான்களையும் இரண்டிரண்டு தடவை கற்றுக்கொடுத்தேன். கோளாறு போயிற்று.

"கோளாறு மெஷின்லதாம்மா. ஒங்க விரல்ல இல்ல" என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. நான்கு தடவை அமுக்கிப் பார்த்த பிறகே நம்பினார்.

டியூப்லைட்டும் வெயிலும்

அதோடு முடியவில்லை. பகலில் ஒழுங்காக இருந்த ரிமோட், அம்மா சாயங்காலம் சாமி விளக்கேற்றி டியூப்லைட்டைப் போட்டதும் தடுமாறியது. எலெக்ட்ரானிக் சோக் உள்ள டியூப்லைட் விநாடிக்கு 20,000 தடவைக்கும் மேல் துடிக்கும். அந்தத் துடிப்பு ரிமோட்டின் துடிப்புக்குப் பக்கத்தில் வந்தால் ரிசீவருக்குக் காது அடைத்துவிடும். எங்கள் ரிசீவர் டியூப்லைட்டுக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி போட்டு, டிவியின் கீழ்விளிம்பு நிழலில் ஒட்டினேன். சரியாகிவிட்டது.

இது ரிமோட்டின் பிறவிக் குறை. அமெரிக்காவில் ஜெனித் கம்பெனி 1955இல் ஒளியால் இயங்கும் ரிமோட்டை விற்றது. டார்ச் விளக்குபோல டிவியின் மூலையில் அடிக்க வேண்டும். வெயில் பட்டால் சேனல் தானாக மாறியது. மறு வருஷமே ராபர்ட் ஆட்லர் என்ற பொறியாளரின் முறையில் காதுக்குக் கேட்காத ஒலியில் இயங்கும் ரிமோட்டுக்கு மாறினார்கள். அகச்சிவப்பு ரிமோட் 1980களில்தான் வீடுகளில் பரவியது.

வாங்கப் போகிறவர்களுக்கு

என்னைப்போல் இரண்டு தடவை செலவு செய்யாமல் இருக்கச் சில வார்த்தைகள்.

1. யார் பிடிக்கப் போகிறார்களோ அவர்கள் கையில் முதலில் ரிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கேற்ற ரிசீவரைப் பிறகு தேடுங்கள்.

2. உங்கள் கணினி ராஸ்பெர்ரி பை என்றால், ரிசீவரே தேவைப்படாமல் போகலாம். டிவியில் சிஇசி வசதி இருந்தால் டிவி ரிமோட்டின் கட்டளை எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே போய்ச் சேரும். சாதாரண மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இல்லை.

3. உறங்கும் கணினியை ரிமோட்டால் எழுப்ப முடியுமா என்று கேளுங்கள். அந்த நேரத்திலும் யுஎஸ்பிக்கு மின்சாரம் போகும்படி கணினியின் பயாஸில் அமைக்க வேண்டும். முழுதாக அணைத்த கணினி பொதுவாக எழாது.

4. நடுங்கும் விரல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கும். ஆர்சி5 ரிமோட் அப்போது விநாடிக்கு ஏறக்குறைய 9 தடவை அதே செய்தியை அனுப்பும். படம் நின்று ஓடி, நின்று ஓடித் திண்டாடும். இந்தத் திருப்பிச் சொல்லலை அடக்கும் வசதி ரிசீவரில் இருக்க வேண்டும்.

5. மூடிய மர அலமாரிக்குள் ரிசீவரை வைக்காதீர்கள். அகச்சிவப்புக் கதிர் மரத்தைத் துளைக்காது.

6. தேவையான பொத்தான்களை மட்டும் கற்றுக்கொடுங்கள். எங்கள் வீட்டில் ஆறு போதுமாக இருக்கிறது.

இப்போது மத்தியானங்களில் நான் உள் அறையில் படித்துக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து பாட்டுக் கேட்கிறது. யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. சில நாள் நாதஸ்வரமும் பந்திச் சத்தமும் கேட்கும், திடீரென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கூடம் அமைதியாக இருக்கும். அப்போது நான் எழுந்து போவதில்லை.