கேத்னெஸ் மற்றும் சதர்லாந்து (நாடாளுமன்றத் தொகுதி)

கேத்னெஸ் மற்றும் சதர்லாந்து என்பது ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகோடியில் அமைந்திருந்த ஒரு பிரித்தானிய நாடாளுமன்றத் தொகுதி ஆகும். 1918 முதல் 1997 வரை நிலவிய இத்தொகுதி, காமன்ஸ் சபைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. 1945 பொதுத் தேர்தலில் இங்கு போட்டியிட்ட மூன்று வேட்பாளர்களும் ஏறத்தாழச் சமமான வாக்குகளைப் பெற்றமையால் இது பிரித்தானியத் தேர்தல் வரலாற்றில் பெயர் பெற்றது. அத்தேர்தல் முதல் தொகுதி ஒழிக்கப்பட்டது வரை உறுப்பினர்களாக இருந்த நால்வரில் மூவர், பதவியில் இருந்தபோதே தத்தம் கட்சியை விட்டு விலகினர் என்பதும் கவனிக்கத்தக்கது.

பின்னணி

1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன்னர் கேத்னெஸ் கவுண்டிக்குத் தனி உறுப்பினர் நிலையாக இருந்ததில்லை. மேற்குக் கரையை அடுத்த தொலைதூரத் தீவான பியூட்டும் கேத்னெசும் ஒரு நாடாளுமன்றம் விட்டு ஒரு நாடாளுமன்றம் என மாறி மாறி உறுப்பினரை அனுப்பின. சதர்லாந்தில் நிலத்தின் பெரும்பகுதி சதர்லாந்துப் பிரபுக் குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்குடும்பம் ஆட்டுப் பண்ணைகள் அமைப்பதற்காக உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த குடியானவர்களை வெளியேற்றிக் கடற்கரைக்கு அனுப்பியது. இவ்வெளியேற்றத்தின் நினைவு இப்பகுதி அரசியலில் நெடுங்காலம் நீடித்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் சிறு குத்தகை உழவர்களுக்கு வாக்குரிமை அளித்தது. அடுத்த ஆண்டிலேயே கேத்னெசிலும், 1886இல் சதர்லாந்திலும் அவ்வுழவர்களின் வேட்பாளர்கள் வெற்றி பெற்றனர். லிபரல் கட்சி பின்னாளில் இங்கு வேரூன்றியதற்கு நிலப் பிரச்சினையே முதன்மைக் காரணம் எனலாம்.

1918இல் இரு கவுண்டிகளும் இணைக்கப்பட்டன. விக், டோர்னக் ஆகிய சிறு நகரங்களும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. பரப்பில் பெரிதாயினும், கரி படிந்த சதுப்பு நிலங்களும் மலைகளும் நிறைந்த இத்தொகுதியில் வாக்காளர்கள் மிகக் குறைவு. சில பத்து வாக்குகள் முடிவை மாற்றக்கூடிய நிலை இதனால் உருவானது.

சின்க்ளேரும் 1945 தேர்தலும்

முதல் உறுப்பினரான சர் லெஸ்டர் ஹார்ம்ஸ்வொர்த்தை 1922இல் ஆர்ச்சிபால்ட் சின்க்ளேர் தோற்கடித்தார். இருவரும் லிபரல்களே; கட்சி அப்போது பிளவுபட்டிருந்தது. முதல் உலகப் போரில் வின்ஸ்டன் சர்ச்சில் தலைமை தாங்கிய படைப்பிரிவில் சின்க்ளேர் அவருக்கு அடுத்த நிலை அதிகாரியாகப் பணியாற்றியவர். 1935இல் லிபரல் கட்சித் தலைவரானார். 1940 முதல் 1945 வரை சர்ச்சிலின் கூட்டணி அரசில் வான்படை அமைச்சராக இருந்தார்.

போர் காரணமாகப் பத்து ஆண்டுகள் பொதுத் தேர்தல் நடைபெறவில்லை. 1945 சூலை 5 அன்று வாக்குப்பதிவு நடைபெற்றது. கடல் கடந்து பணியாற்றிய படைவீரர்களின் வாக்குகள் வந்து சேர வேண்டியிருந்ததால் முடிவுகள் சூலை 26 அன்றே வெளியாயின. யூனியனிஸ்ட் கட்சியின் (ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ்கள் அப்போது இப்பெயரிலேயே போட்டியிட்டனர்) எரிக் காண்டர் டவர் 5,564 வாக்குகளும், தொழிற்கட்சியின் ராபர்ட் மெக்கின்னஸ் 5,558 வாக்குகளும், சின்க்ளேர் 5,503 வாக்குகளும் பெற்றனர். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வேறுபாடு 6 வாக்குகள்; முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் 61 வாக்குகள்.

வென்றவரின் பங்கு 33.5 விழுக்காடு, அவருக்கு எதிராக 11,061 பேர் வாக்களித்திருந்தனர். எனினும், அதிக வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்னும் முறையில் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. காண்டர் டவருக்கு வாக்களித்தவர்களில் நால்வர் மெக்கின்னசை ஆதரித்திருந்தால் தொகுதி தொழிற்கட்சிக்குப் போயிருக்கும். சின்க்ளேருக்கு மேலும் 62 பேர் வாக்களித்திருந்தால் அவர் வென்றிருப்பார். நாடு முழுவதும் 12 இடங்களை மட்டுமே பெற்ற லிபரல் கட்சி, சபையில் தன் தலைவரையும் இழந்தது. கிளெமென்ட் டேவிஸ் அப்பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நடைபெறாத இடைத்தேர்தல்

வானூர்திச் சேவை நிறுவனம் நடத்திய காண்டர் டவர், ஜப்பான் தோற்கடிக்கப்பட்டதும் பதவி விலகி மீண்டும் வாக்காளர்களைச் சந்திப்பதாகத் தேர்தலின்போது உறுதியளித்திருந்தார். தேர்தல் முடிவு வெளியாகி மூன்று வாரங்களுக்குள் ஜப்பான் சரணடைந்தது. அவர் பதவி விலகவில்லை. பிரித்தானியச் சட்டத்தில் வேட்பாளரின் வாக்குறுதிக்குக் கட்டாயம் எதுவும் இல்லாமையால், அவரை எவராலும் வெளியேற்ற இயலவில்லை. 1948இல் கட்சிக் கொறடாவின் கட்டுப்பாட்டிலிருந்தும் விலகிய அவர், 1950 வரை சுயேச்சையாக அமர்ந்திருந்தார். வாக்குறுதி நிறைவேற்றப்பட்டிருந்தால் சின்க்ளேர் உடனே சபைக்குத் திரும்பியிருக்கக் கூடும். 1950 தேர்தலில் அவர் மீண்டும் போட்டியிட்டு, யூனியனிஸ்ட் வேட்பாளர் சர் டேவிட் ராபர்ட்சனிடம் 269 வாக்குகளில் தோற்றார். 1952இல் தர்சோ விஸ்கவுன்ட் என்னும் பட்டம் பெற்றார்.

பிற்காலம்

ராபர்ட்சன் முன்னர் இலண்டனின் ஸ்டிரெதம் தொகுதி உறுப்பினராக இருந்தவர். இவரது காலத்தில் டவுன்ரேயில் அணு உலை நிலையம் கட்டப்பட்டது. அருகிலுள்ள தர்சோ நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று மடங்கானது. உயர்நிலப் பகுதிகளை அரசு புறக்கணிப்பதாகக் கூறி 1959இல் கட்சியை விட்டு விலகிய ராபர்ட்சன், அவ்வாண்டுத் தேர்தலில் சுயேச்சை யூனியனிஸ்டாக வென்று 1964 வரை நீடித்தார்.

1964இல் லிபரல் கட்சியின் ஜார்ஜ் மெக்கி தொகுதியை மீட்டார். 1966இல் தொழிற்கட்சியின் ராபர்ட் மெக்லெனன் அவரை 64 வாக்குகளில் தோற்கடித்தார். சின்க்ளேரைப் பின்தள்ளிய 61 வாக்குகளுடன் இது ஒப்பிடத்தக்கது. மெக்லெனன் 1981இல் தொழிற்கட்சியை விட்டு விலகிப் புதிய சமூக சனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1983 தேர்தலில் அக்கட்சி பல உறுப்பினர்களை இழந்தபோதும் இவர் தொகுதியைத் தக்கவைத்தார். ஒரே மனிதரைத் தொழிற்கட்சி, சமூக சனநாயகக் கட்சி, லிபரல் சனநாயகக் கட்சி என மூன்று பெயர்களின் கீழ் இத்தொகுதி தேர்ந்தெடுத்தது. இங்கு கட்சியைவிட ஆளுக்கே வாக்கு விழுந்தது என்னும் கருத்துக்கு இதுவே வலுவான சான்று.

1997இல் தொகுதி ஒழிக்கப்பட்டு, கிழக்கு ராஸ் பகுதியும் சேர்ந்த கேத்னெஸ், சதர்லாந்து மற்றும் ஈஸ்டர் ராஸ் தொகுதி உருவாக்கப்பட்டது. மெக்லெனன் அதில் வென்று 2001 வரை உறுப்பினராக இருந்தார். அவருக்குப் பின் 2015 வரை அத்தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்திய ஜான் தர்சோ, சின்க்ளேரின் பேரன் ஆவார்.