மனதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லித்தரும் பாடம்

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் கையால் தடவியே அடையாளம் சொல்லப் பழகியவர். வளர்ந்த பிறகு அவருக்குப் பார்வை கிடைக்கிறது. இரண்டையும் மேசைமேல் வைத்து, தொடாமல் கண்ணால் மட்டும் பார்த்து உருண்டை எது என்று கேட்டால் சொல்வாரா?

டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ 1688-ல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கேட்டார். மாலினோவின் மனைவிக்குப் பார்வை கிடையாது. சொல்ல முடியாது என்பதுதான் மாலினோ, லாக் இருவரின் முடிவும். லாக் இந்தக் கேள்வியைத் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் 1694-ல் சேர்த்தார். அதன்பின் ஐரோப்பியத் தத்துவவாதிகள், கைக்குக் கிடைத்த ஓரிரு மருத்துவக் குறிப்புகளை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள்.

உறுதியான பதில் டெல்லியிலிருந்து 2011-ல் வந்தது. ஐ.ஐ.டி. டெல்லியில் கணினி அறிவியல் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான பவன் சின்ஹா, ‘பிரகாஷ் திட்டம்’ என்ற பெயரில் ஒரு பணியைத் தொடங்கியிருந்தார். சிகிச்சை செய்தால் பார்வை கிடைக்கும் என்ற நிலையிலும், வழி தெரியாததாலும் வறுமையாலும் இருட்டிலேயே வளர்ந்துவிட்ட குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்து அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யும் பணி அது. அவர்களில் 8 முதல் 17 வயதுவரையிலான ஐந்து பேரிடம், சிகிச்சை முடிந்த 48 மணி நேரத்துக்குள் இந்தச் சோதனை நடந்தது. விளையாட்டுக் கட்டைகள் போன்ற உருவங்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டைக் காட்டி, முன்பு கொடுத்தது எது என்று கேட்டார்கள். தொட்டதை மீண்டும் தொட்டுச் சொன்னபோது 98 சதவீதம் சரி. பார்த்ததை மீண்டும் பார்த்துச் சொன்னபோது 92 சதவீதம் சரி. தொட்டதைக் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னபோது 58 சதவீதம்தான். இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் காட்டினாலே 50 சதவீதம் வந்துவிடும் என்பதால், லாக் சொன்னதே சரி என்றாயிற்று.

கதை அதோடு முடியவில்லை. சில நாள்கள் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க முடிந்த பிள்ளைகள், தனிப்பயிற்சி எதுவும் இல்லாமலே வெகுவாகத் தேறியிருந்தார்கள். கையும் கண்ணும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பிறவியிலேயே அமைந்துவிடவில்லை. ஆனால் அதைக் கற்கும் திறன், வயது கடந்த பிறகும் மூளையில் உயிரோடு இருக்கிறது.

காக்னிட்டிவ் சயின்ஸ் எனப்படும் அறிதிறன் அறிவியலின் முதலாண்டு மாணவர்களுக்கு நான் முதல் வகுப்பில் சொல்ல விரும்புவது இந்த ஆய்வைத்தான். கேள்வி தத்துவத்தினுடையது, சோதிக்கும் முறை உளவியலினுடையது. கண் மருத்துவம் இல்லாமல் சோதனையே நடந்திருக்காது. விடையின் பொருள் நரம்பியலுக்குப் போகிறது. படங்களிலிருந்து பொருள்களைப் பிரித்தறியக் கணினிக்குக் கற்றுத்தருபவர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது. இவற்றில் எந்தத் துறையும் தனியாக நின்று இந்த விடையை எட்டியிருக்க முடியாது.

இந்தத் துறைக்குப் பிறந்தநாள் குறித்தவர் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். 1956 செப்டம்பர் 11 அன்று எம்.ஐ.டி.யில் நடந்த கருத்தரங்கில், தர்க்கத் தேற்றங்களை நிரூபிக்கும் கணினி நிரலை ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் இருவரும் விளக்கினார்கள். நோம் சாம்ஸ்கி இலக்கணம் பற்றிப் பேசினார். மில்லர், நம் குறுகியகால நினைவில் ஏறத்தாழ ஏழு கூறுகள்தான் நிற்கும் என்ற தன் முடிவை வைத்தார். அதுவரை அமெரிக்க உளவியலில் கோலோச்சியது நடத்தைவாதம். கண்ணுக்குத் தெரியும் தூண்டலையும் துலங்கலையும் அளந்தால் போதும், உள்ளே நடப்பதைப் பேசக்கூடாது என்பது அதன் கட்டளை. உள்ளே நடப்பதையும் கறாராகப் பேச முடியும் என்ற நம்பிக்கை அந்த அரங்கில் பிறந்தது. மில்லரின் ஏழு பின்னாளில் நான்கு என்று குறைக்கப்பட்டது. பாடநூல் எண்ணும் திருத்தத்துக்கு உரியது என்று மாணவர் கற்றுக்கொள்ள இதுவே நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்காவின் வாசர் கல்லூரி 1982-ல் இத்துறையில் இளநிலைப் பட்டம் வழங்கத் தொடங்கியது. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1986-ல் இதற்கெனத் தனித்துறை வந்தது.

அறிமுகப் பாடத்தில் என்னதான் நடக்கும்? கண்ணால் காண முடியாத ஒன்றை எப்படி அளப்பது என்பதுதான் அதன் உயிர்நாடி. 1971-ல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் முப்பரிமாண உருவங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் திருப்பி வைத்த ஒரே உருவம்தானா, வேறுவேறு உருவங்களா என்று கேட்டார்கள். திருப்பிய கோணம் கூடக்கூட, பதில் சொல்ல ஆன நேரமும் அதே விகிதத்தில் கூடியது. நொடிக்கு ஏறத்தாழ 60 பாகை வேகத்தில் நாம் அந்த உருவத்தை மனதுக்குள் சுழற்றுகிறோம்! வெறும் நேரத்தை அளந்தே, மனக்கண் என்பது வெறும் பேச்சல்ல என்று காட்டிவிட்டார்கள்.

பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் மார் கற்றுத்தந்த ஒழுங்கும் இந்தப் பாடத்தில் தவறாமல் வரும். 35 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த அவருடைய நூல், மறைவுக்குப்பின் 1982-ல் வெளிவந்தது. கூட்டல் கணக்கை மணிச்சட்டத்திலும் போடலாம், விரல் மடக்கியும் போடலாம், கால்குலேட்டரிலும் போடலாம். என்ன கணக்கு, எந்த வழிமுறை, எந்தக் கருவி என்ற மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்றார் மார். மூளை ஸ்கேன் படத்தில் ஓரிடம் ஒளிர்வதைக் காட்டிவிட்டு மனதை விளக்கிவிட்டோம் என்பவர்கள், மூன்றாவது கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழ் மாணவருக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமாவது மொழி பற்றிய பகுதியில்தான். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் ஆய்வுத் திட்டத்துக்காக எரிக் பெடர்சன் 1990-களில் மதுரை வட்டாரத் தமிழரிடையே ஆய்வு செய்தார். “சொம்பைக் கொஞ்சம் வடக்கால தள்ளி வை” என்ற பேச்சு நம் கிராமத்து வீடுகளுக்குப் புதிதல்ல. நகரத்தில் அதுவே “இடது பக்கம் தள்ளி வை” என்றாகிவிடும். ஒரே மொழிக்குள் இரண்டு வழக்கு. சிந்தனையும் இரண்டாகப் பிரிகிறதா?

சோதனை எளிது. மேசையில் மூன்று விலங்குப் பொம்மைகளை வரிசையாக, வடக்கு நோக்கி வைக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது வலப்பக்கம். நினைவில் வைத்துக்கொண்டு, அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பி வேறொரு மேசையில் அதேபோல் அடுக்க வேண்டும். வலப்பக்கம் நோக்கி அடுக்கினால் தன் உடலை வைத்து நினைவில் கொண்டவர். வடக்கு நோக்கியே அடுக்கினால் திசையை வைத்து நினைவில் கொண்டவர். நகரத்தார் பெரும்பாலும் முதல் வகையிலும், கிராமத்தார் இரண்டாம் வகையிலும் நின்றார்கள். வாயால் ஒரு சொல்கூடச் சொல்லத் தேவையில்லாத வேலையிலும் பேச்சு வழக்கின் சாயல் விழுந்திருந்தது.

உடனே “மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது” என்று எழுதிவிட ஆசை வரும். ஆசிரியர் அங்கேதான் மாணவரைத் தடுத்து நிறுத்த வேண்டும். கிராமம் வெட்டவெளி, நகரம் அடைத்த சுவர்; வேறுபாடு சூழலால் வந்திருக்கலாமே? 2002-ல் பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் ஆங்கிலம் பேசும் அமெரிக்க மாணவர்களிடமே அடையாளப் பொருள்களை இடம் மாற்றி வைத்து விடைகளை மாற்றிக் காட்டினார்கள். மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஸ்டீபன் லெவின்சன் குழுவினர் அதே ஆண்டு, அந்த ஆய்வு வெளியான இதழிலேயே, மறுப்பு எழுதினார்கள். விவாதம் இன்னும் அடங்கவில்லை. தெற்குத் தெருவும் மேலவீதியும் கொண்ட ஊர்களில் பிறந்த பிள்ளைகள்தான் இதன் அடுத்த கட்ட ஆய்வைச் செய்யப் பொருத்தமானவர்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு பேசப்படாத வீடே இல்லாத இந்தக் காலத்தில் பாடத்தின் தேவை கூடியிருக்கிறது. ஒரு குழந்தை பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குள் கேட்கும் சொற்கள் சுமார் 10 கோடிக்குள் அடங்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரிய மொழி மாதிரிகளோ லட்சம் கோடிக் கணக்கான சொற்களைத் தின்று வளர்கின்றன. அவ்வளவு குறைவாகக் கேட்டு இவ்வளவு பேசும் குழந்தையிடம் என்ன இருக்கிறது? ஆலன் டூரிங் 1950-ல் இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்டதையும், ஜான் சர்ல் 1980-ல் குறிகளை விதிப்படி மாற்றி வைப்பது புரிதல் ஆகாது என்று வாதிட்டதையும் படித்த மாணவர், இன்றைய விளம்பர ஆரவாரத்தில் எளிதில் மயங்கமாட்டார்.

இந்தியாவில் அலகாபாத் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. காந்திநகர், ஐ.ஐ.டி. கான்பூர் ஆகிய இடங்களில் இத்துறையில் முதுநிலைப் படிப்பும் ஆய்வும் நடக்கின்றன. ஆனால் முதுநிலைவரை காத்திருக்கத் தேவையில்லை. உளவியல், மொழியியல், கணினி அறிவியல் துறைகள் உள்ள கல்லூரி, மூன்று ஆசிரியர்களைச் சேர்த்து ஒரு பருவத்துக்கு விருப்பப் பாடமாகவே இதை நடத்தலாம். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையிலும் ‘பச்சை’யைச் சிவப்பு மையிலும் எழுதி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு தடுமாறும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட சோதனை இது. கைபேசியிலுள்ள ஸ்டாப்வாட்ச் போதும்.

பிளஸ் டூ முடித்தவர்கள், எந்தப் பிரிவில் படித்தவர்களானாலும், எம்.ஐ.டி.யின் நான்சி கன்விஷர் மனித மூளை பற்றி நடத்திய வகுப்புகளை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதே தரத்தில் தமிழில் ஒரு பாடத்தொடரை உருவாக்க நம் பேராசிரியர்கள் முன்வர வேண்டும்.