நடிகை மனோரமாவும் நகை என்னும் மெய்ப்பாடும்

சேலத்தினின்று ஏற்காட்டு மலைக்கு ஏறுவார்க்கு வழி இரண்டுண்டு. ஒன்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளை உடைய அடிவாரச் சாலை; அஃது உலகறிந்தது. மற்றொன்று, அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்து எங்கள் குப்பனூர் வழியாகச் சுற்றிச் செல்வது. பெருமழையால் முன்னதில் மண் சரிந்து வண்டிகள் நின்ற காலத்தேதான் பின்னதன் நினைவு பலருக்கும் வரும். அக் குப்பனூரில், சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு, என் பாட்டியார் அருகிருக்கத் தொலைக்காட்சியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்னும் திரைப்படத்தைக் கண்டேன். சண்முகசுந்தரமும் மோகனாவும் தோன்றிய காட்சிகளில் எல்லாம் பாட்டியார் தலை நிமிராமல் புளியங்கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். ஜில் ஜில் ரமாமணி வந்தாள். முறத்தை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாரு கண்ணு, இவ நம்ம சேலத்துப் புள்ள” என்று எனக்கு அறிவித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அவ்வேடம் பூண்டவர் காலஞ்சென்ற மனோரமா அம்மையார். அவர் சேலத்திற் பிறந்தவர் அல்லர் என்பதைப் பின்னர்த் தேடியறிந்தேன். ஆயினும் பாட்டியாரின் கூற்று முற்றும் பிழையுமன்று. அஃது எங்ஙனம் என்பதையும், ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த ஒருவரைத் ‘துணை நடிகை’ என்னும் பெயரால் அழைப்பது எத்துணைப் பொருந்தும் என்பதையும் ஆராய்தலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

மனோரமா அம்மையார் 1937-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் மன்னார்குடியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தையின் ஆதரவு அற்றுப்போகவே, தாயார் மகளைக் கையிற் பிடித்துக்கொண்டு காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரிற் குடியேறி, உழைத்துப் பிழைத்தார். மகளின் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பிறர் மனையில் வேலை செய்யவேண்டிய நிலையும் வந்தது. அவ்வூருக்கு நாடகம் ஆட வந்த குழுவினரில் பெண் வேடம் புனைந்தவருக்குப் பாட வரவில்லை என்றும், அவருக்காகத் திரைக்குப் பின்னின்று பாடியதே இச் சிறுமியின் முதற் கலைப்பணி என்றும் கூறுவர். ‘யார் மகன்?’ என்னும் நாடகத்தில் நடிக்கத் தொடங்கிய காலத்தில் மனோரமா என்ற பெயர் அமைந்தது. ஊரார் ‘பள்ளத்தூர்ப் பாப்பா’ என்று அழைத்தனர். பின்னர் வைரம் நாடக சபையிலும், எஸ். எஸ். இராஜேந்திரன் அவர்களின் நாடக மன்றத்திலும் சேர்ந்து, ‘மணிமகுடம்’ முதலிய நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றார்.

மேடையில் கதாநாயகி வேடம் ஏற்றுப் பழகியவர், திரையிலும் அதையே எதிர்பார்த்திருத்தல் இயல்பு. ஆனால் 1958-இல் கவிஞர் கண்ணதாசன் தாம் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் அவருக்கு அளித்தது நகைச்சுவை வேடம். அவ்வேடத்தை ஏற்க அவர் தயங்கினார்; தமக்குச் சிரிக்க வைக்க வருமா என்ற அச்சமும் இருந்தது. கதாநாயகியரின் காலம் சில ஆண்டுகளே என்றும், நகைச்சுவையில் தேர்ந்தவர் நெடுங்காலம் நிலைப்பர் என்றும் கவிஞர் அறிவுறுத்தியதை அம்மையாரே பிற்காலத்தில் நன்றியோடு எடுத்துரைத்துள்ளார். அவ்வறிவுரை எவ்வளவு மெய்யாயிற்று என்பது நாம் அறிந்ததே. எனினும், இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்தி, தான் விரும்பிய வாயில் அடைபட்டது கண்டு மற்றொரு வாயிலில் நுழைந்தாள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. கவிஞரின் சொல் மெய்யாயிற்று என்பதனால் அன்றைய ஏமாற்றம் பொய்யாகிவிடாது.

இனிச் சேலத்துக்கு வருவோம். திருச்செங்கோட்டைச் சேர்ந்தவரும், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிற் கற்றவருமான டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினார். சென்னைக்குச் செல்லாமலே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. மலையாளத்தின் முதற் பேசும் படமாகிய ‘பாலன்’ (1938) அந்நிறுவனத்தாருடையது. ‘மந்திரி குமாரி’ (1950), வண்ணப் படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) என்பனவும் அவர்களுடையனவே. ஹாலிவுட் நடிகை மேரி வின்ட்ஸர் நடித்த ‘தி ஜங்கிள்’ (1952) என்னும் ஆங்கிலப் படமும் அவர்களது கூட்டுறவால் எடுக்கப்பட்டதென்றால், எம் மலையடிவாரத்தின் அக்காலப் பெருமை விளங்கும். இன்று அந்தப் படப்பிடிப்பு மனைகள் இல்லை. ஏற்காடு செல்லும் சாலையோரத்தில் முகப்பு வளைவு மாத்திரம் நிற்கின்றது. பேருந்திற் செல்வோருள் அதனைத் திரும்பிப் பார்ப்பவர் சிலரே.

மாடர்ன் தியேட்டர்ஸார்தாம் 1963-இல் ‘கொஞ்சும் குமரி’ என்னும் படத்தில் மனோரமா அம்மையாரைக் கதாநாயகி ஆக்கினர். பிற்காலத்தில் வில்லன் வேடங்களாலும் மேடை நாடகங்களாலும் புகழ் பெற்ற ஆர். எஸ். மனோகர் அவருக்கு நாயகர். இயக்கியவர் ஜி. விசுவநாதன். கவிஞர் மூடிய கதவை, ஐந்தாண்டு கழித்துச் சேலத்தார் திறந்தனர் எனலாம். அவ்வாண்டிலேயே சுந்தரம் அவர்கள் காலமானார். கதாநாயகி என்னும் பட்டம் அம்மையாருக்கு நிலைக்கவில்லை. அவர் மீண்டும் நகைச்சுவைக்கே திரும்பினார். ஆனால் இம்முறை அவரிடத்தே அச்சம் இல்லை. இதனை யான் ஊகித்தே கூறுகின்றேன். அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் ஏற்ற வேடங்கள் இவ்வூகத்துக்குச் சான்று.

தமிழ் பயிலும் மாணவனாதலின், ஈண்டு ஒன்று கூற விரும்புகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்தவர், நகையையே தலையில் வைத்தார். வடநூலார் தலைமை தரும் காதற்சுவையையோ, நம்மவர் போற்றும் பெருமிதத்தையோ அவர் முதலில் வைக்கவில்லை. அந்நகை பிறத்தற்கு எள்ளல், பேதைமை, மடன், இளமை என நான்கு நிலைக்களன்களும் கூறினார். வகுப்பறையில் இவற்றை மனப்பாடம் செய்தபோது எனக்கு வேறுபாடு விளங்கவில்லை. பேதைமையாவது அறியாமை, மடனாவது பிறர் கொளுத்தியதைக் கொண்டு அதனையே விடாது பற்றுதல் என்றார் ஆசிரியர். எழுதி வைத்துக்கொண்டேன், அவ்வளவே. ஜில் ஜில் ரமாமணியைக் கண்ட பின்னரே இரண்டும் பிரிந்து தோன்றின. நாடகக் கம்பெனியின் ஆட்டக்காரியாகிய அவள், தன்னைப் பெரிய கலைஞர் வரிசையில் வைத்துப் பேசுவது பேதைமை. அப்பேச்சைப் பிறர் நகைத்தபின்னும் அதே தோரணையில் தொடர்வது மடன்.

அப்படத்தில் ஓரிடம் உண்டு. சண்முகசுந்தரம் அவளும் கேட்க நாதசுரம் வாசிக்கிறார். (சிவாஜி கணேசன் பிடித்த குழலுக்கு உண்மையில் ஊதியவர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.) அதுவரை வாய் ஓயாத ரமாமணி, அவ்விசையின் முன் பேச்சற்று இருக்கின்றாள். தன் ஆட்டம் எத்தகையது, இவ்விசை எத்தகையது என்பதை அவள் உணர்வதை அம்முகத்திற் காணலாம். நகைப்பதற்காக வாய் திறந்தவர் திறந்தபடியே நின்றுவிடுவர். என் பாட்டியாரும் அவ்வாறே நின்றார். கதாநாயகிக்குரிய பரதமும் அணியும் அலங்காரமும் ஒன்றும் இன்றி, ஒரு முகத்தினாலேயே இது நிகழ்ந்தது.

அம்மையாரின் மற்றொரு செல்வம் மொழி. ‘பொம்மலாட்டம்’ (1968) என்னும் படத்தில் சென்னைச் சேரி வழக்கிலேயே ஒரு பாட்டைத் தம் குரலிற் பாடினார். வளர்ந்தது பள்ளத்தூரில் என்று அதனைக் கேட்போர் நம்பார். செட்டிநாட்டுப் பேச்சு அவர் வளர்ந்த மண்ணினது. மூத்த பெண்டிரை அங்கு அழைக்கும் ‘ஆச்சி’ என்ற சொல்லே நாளடைவில் நாடெங்கும் அவர் பெயராயிற்று. ‘சின்னக் கவுண்டர்’ (1992) படத்தில் எம் கொங்கு நாட்டுத் தாயாக, முன்பற்கள் துருத்திய ஒப்பனையுடன் வந்தார். அந்தணர் இல்லத்துப் பேச்சும் அவருக்கு வரும். வட்டார வழக்குகளைப் பற்றி ஆராய்ச்சி நூல்கள் எழுதுவோர் உளர். ஆறாம் வகுப்பு வரை படித்த இவரோ அவற்றைச் செவியாற் கற்று நாவாற் காட்டினார். கொச்சை என்று நாம் தள்ளும் பேச்சினுள்ளும் இசையும் ஒழுங்கும் உண்டென்று எனக்கு உணர்த்திய ஆசிரியருள் இவரும் ஒருவர்.

நிற்க. விருதுகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அமெரிக்க நாட்டில் ஆஸ்கர் எனப்படும் பரிசு 1929-இல் வழங்கத் தொடங்கப்பட்டது. துணை வேடத்தாருக்கென அதில் தனிப் பரிசு ஏற்பட்டது 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்கே. அப்பொழுதும், தலைமை நடிகர்க்குப் பொற்பாவை. துணை நடிகர்க்கு ஒரு பலகை மட்டும். ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மக்டேனியல் 1940-இல் அப்பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர் ஆனார். அவர் பெற்றதும் பலகையே. அவ்விழாவில் அவரை அமர்த்தியதும் சுவரோரத்தில் தனி மேசையில். 1944 முதல்தான் துணை நடிகர்க்கும் முழுப் பாவை கிடைத்தது. நம் நாட்டில் சிறந்த நடிகைக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்கள் முதல் வழங்கப்படுகின்றது. முதலிற் பெற்றவர் நர்கீஸ். துணை நடிகைக்கான தேசிய விருதோ 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்கே தொடங்கிற்று. ‘பார்ட்டி’ என்னும் இந்திப் படத்துக்காக ரோஹிணி ஹட்டங்கடி முதலிற் பெற்றார். ஆகவே ‘தில்லானா மோகனாம்பாள்’ தமிழிற் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றபோது, ரமாமணியைத் தனியே போற்ற அவ்வரிசையில் ஓர் இருக்கையே போடப்படவில்லை.

அவ்விருக்கை 1989-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் அவருக்குக் கிடைத்தது. இரா. பார்த்திபன் முதன் முதலாக இயக்கிய ‘புதிய பாதை’யில், சேரி மாந்தருள் ஒருத்தியாக நடித்தமைக்குச் சிறந்த துணை நடிகை என்னும் தேசிய விருது வழங்கப்பட்டது. முதற் படத்துக்கும் இவ்விருதுக்கும் இடையே முப்பதாண்டுக்கு மேல் சென்றுவிட்டது. 2002-இல் பத்மஸ்ரீ வந்தது. தமிழக அரசின் கலைமாமணி முதலிய பிறவும் உண்டு. அவற்றை எல்லாம் அடுக்கிக் காட்டுவதிற் பயனில்லை.

ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று 1985-இல் கின்னஸ் நூலிற் பெயர் ஏறியதையே பலரும் அவரது பெருமையாக முதலிற் கூறுவர். எனக்கு அவ்வெண் அத்துணை உவப்பானதன்று. அவ்வாயிரத்துள் கதை தளரும்போது இட்டு நிரப்பிய வேடங்கள் பல. ஒரு துடைப்பமும் ஓர் உரத்த குரலும் தந்து நகைப்பூட்டச் சொன்ன இயக்குநர் பலர். அவ்வளவு படங்களில் நடிக்க நேர்ந்ததற்கு, தனித்து நின்று மகனை வளர்த்த ஒரு தாயின் பிழைப்பும் காரணம் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணிக்கையை விட்டு ஒரு சில வேடங்களையே யான் காட்டுவேன். விசு அவர்களின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா, அவ்வீட்டாருக்காக ஊரறியச் சண்டையிடுகிறாள். கொட்டகை அதிர்ந்து சிரித்தது. அச்சண்டை நடிப்பென்று அறிந்த நமக்கு, அவ்வீட்டின் மீது அவள் கொண்ட அன்பே மேலோங்கித் தெரிகின்றது. பிறர் மனையில் உழைத்து அறிந்த ஒருவரே அவ்வேடத்துக்கு அவ்வளவு உயிர் தர முடியும். ‘நடிகன்’ (1990) படத்தில், முதியவர் வேடமிட்டு வந்த இளைஞனை மெய்யான முதியவர் என நம்பி, காலம் கடந்து காதல் கொள்ளும் கன்னிகையாக வருகின்றார். அவளைக் கண்டு சிரிக்கிறோம். சிரித்தமைக்காகச் சிறிது நாணவும் செய்கிறோம்.

அண்ணாதுரை, கருணாநிதி ஆகிய இருவரோடு மேடையிலும், எம். ஜி. இராமச்சந்திரன், ஜெயலலிதா, என். டி. ராமராவ் ஆகிய மூவரோடு திரையிலுமாக, முதலமைச்சர் பதவி கண்ட ஐவரோடு நடித்தவர் அவர். 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் தம் எழுபத்தெட்டாம் வயதில் காலமானார்.

இவற்றை எல்லாம் திரட்டிக்கொண்டு பாட்டியாரிடம் சென்று, அம்மையாரின் ஊர் மன்னார்குடி, வளர்ந்தது பள்ளத்தூர் என்று விளக்கினேன். அவர் சிறிதும் கலங்கவில்லை. ‘கொஞ்சும் குமரி’யின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. தம் பதின்மூன்றாம் வயதில் டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து அதனைக் கண்டாராம். “சிரிப்புக் காட்டற புள்ளையப் போயி கதாநாயகியாப் போட்டுருக்கானுங்களேன்னு பக்கத்துல ஒருத்தரு சொன்னாரு கண்ணு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏன், அந்தப் புள்ளைக்கு என்ன கொறச்சல்?” என்று, ஏதோ யானே அப்படிச் சொல்லிவிட்டாற் போலக் கேட்டுவிட்டு, மீண்டும் முறத்தை எடுத்துக்கொண்டார்.