எறிகரம்

மண்டி மொஹல்லாவின் தெருக்களில் மாலை வேளையில் மட்டைப்பந்து ஆடும்போது, பந்து வீசுபவன் முழங்கையை மடக்கி எறிந்தால் எதிரணியினர் உடனே கூச்சலிடுவர். மட்டைப்பந்தில் அது பிழை. அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலிலோ அவ்வாறு எறிவதே முறை. எறிபவர் சிறு மண்மேட்டின்மீது நின்று, ஏறத்தாழ 18 மீட்டர் தொலைவிலுள்ள அடிப்பவரை நோக்கி, பந்து தரையில் படாதவாறு எறிவார்.

அத்தகைய கையுடையோரைத் தேடி, 2008ஆம் ஆண்டு இந்தியாவில் ஒரு போட்டி நடைபெற்றது. பல்லாயிரம் இளைஞர்கள் பங்கேற்ற அப்போட்டியில் வென்றவர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் சரக்குந்து ஓட்டுநரின் மகனாகப் பிறந்தவர். ஈட்டி எறிதலில் பயிற்சி பெற்றவர். பேஸ்பாலை அதற்குமுன் ஆடியறியாதவர். அவருடைய இடக்கையிலிருந்து பந்து மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் விரைவில் பாய்ந்தது. ஒரு இலட்சம் டாலர் பரிசு பெற்றார். அவரும் மற்றொரு போட்டியாளரான தினேஷ் படேலும் அமெரிக்காவில் பயிற்சி பெற்று, அவ்வாண்டிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்தனர். இக்கதை 2014இல் திரைப்படமாயிற்று. இசை நம் ஏ. ஆர். ரகுமான். ஒப்பந்தம் கிடைத்ததோடு படம் முடிந்துவிடுகிறது. நாம் அறிய வேண்டியதோ அதன் பின்னரே உள்ளது.

ஒப்பந்தம் பெற்றவர் உடனே பெரிய களத்தில் இறங்கிவிட முடியாது. கீழ்நிலைக் கூட்டமைப்புகள் படிப்படியாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் தேறியே மேலேற வேண்டும். உடன் ஆடியோர் சிறுவயது முதலே பந்தும் கையுமாக வளர்ந்தவர்கள். விரைவான பந்தை மட்டும் எறிந்தால் அவர்கள் விரைவில் பழகி அடித்துவிடுவர். மெதுவாக வந்து ஏமாற்றும் பந்து, வளையும் பந்து ஆகியவற்றை எல்லாம் ரிங்கு தம் இருபதாம் வயதை ஒட்டியே கற்கத் தொடங்கினார்.

தினேஷ் 2010இல் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ரிங்கு நிலைத்தார். 2012இல் மேற்கு வர்ஜீனியா அணிக்காக 72 இன்னிங்ஸ் எறிந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்று ஓட்டங்களே விட்டுக்கொடுத்தார். மெச்சத்தக்க கணக்கு இது. ஆயினும் அந்நிலைக்கும் முதன்மைக் கூட்டமைப்புக்கும் இடையே இன்னும் மூன்று படிகள் இருந்தன.

அப்போதுதான் முழங்கை பழுதுற்றது. கையை மடக்கி முழுவிசையுடன் எறியும் ஒவ்வொரு முறையும், மேற்கை எலும்பையும் கீழ்க்கை எலும்பையும் பிணைக்கும் உட்பக்க நார் இழுபடுகிறது. பல்லாயிரம் முறை இழுபட்டால் அது கிழியும். உடலின் வேறோரிடத்திலிருந்து நாணொன்றை எடுத்து அங்குப் பொருத்தும் அறுவை மருத்துவத்தை, 1974இல் டாமி ஜான் என்னும் ஆட்டக்காரருக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தார். டாமி ஜான் மீண்டு வந்து 1989 வரை ஆடினார். அவர் பெயராலேயே இன்றும் அம்மருத்துவம் வழங்குகிறது. ரிங்குவும் 2013இல் அதனைச் செய்துகொண்டார். எனினும் ஓராண்டில் ஆறும் என எதிர்பார்த்த கை ஆண்டுகள் பல கடந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முதன்மைக் கூட்டமைப்பின் மண்மேட்டில் அவர் ஒருமுறைகூட நிற்கவில்லை. 2018இல் அவர் பந்தை விடுத்து, அமெரிக்காவிலேயே தொழில்முறை மல்யுத்தக் களத்தில் இறங்கினார்.