பெயிண்ட்பால் போருக்கு ஆள் தேவை: பெயர் கொடுப்பதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

செந்தூலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஃபுட்சால் ஆட பத்துப் பேரைச் சேர்ப்பதற்கே வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருக்கிறது. “வருகிறேன்” என்று சொன்னவர்களில் இருவர் கடைசி நேரத்தில் கைப்பேசியை எடுக்க மாட்டார்கள். ஆனால், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு பெயிண்ட்பால் நிகழ்ச்சிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தேடி வந்தார்கள். அவர்களில் ஒரு பாதியினர் வரலாற்றில் தோற்றுப்போன எதிரிப் படையாக நிற்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

வரலாற்றுப் போர் ஒன்றைக் கருவாக வைத்து நடத்தப்படும் இத்தகைய பெரிய பெயிண்ட்பால் ஆட்டங்களை ‘சினாரியோ’ ஆட்டம் என்பார்கள். இதற்கு ஆள் சேர்ப்பது எப்படி? நம் நாட்டில் இப்படி ஓர் ஆட்டம் நடந்தால் நம் இளைஞர்கள் எதைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுக்க வேண்டும்? ‘ஆள் சேர்ப்பு’ என்ற சொல் நம் குடும்பங்களில் பழைய நினைவுகளைக் கிளறக் கூடியது என்பதால், இந்தக் கேள்விகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

மரத்துக்கு அடித்த சாயம்

பெயிண்ட்பால் துப்பாக்கி முதலில் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டது அல்ல. வெட்ட வேண்டிய மரங்களுக்கும் பிரித்து வைக்க வேண்டிய மாடுகளுக்கும் தூரத்தில் நின்றே சாயக் குறி வைக்க உருவான கருவி அது. இதனால்தான் விளையாட்டாளர்கள் அதை இன்றும் துப்பாக்கி என்று சொல்லாமல் ‘மார்க்கர்’ என்கிறார்கள்.

1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில் 12 பேர் ஒரு காட்டுக்குள் இறங்கி முதல் ஆட்டத்தை ஆடினார்கள். மற்றவர்களிடம் சிக்காமல் காட்டில் வைக்கப்பட்ட கொடிகளைச் சேகரித்து வர வேண்டும் என்பதுதான் ஆட்டம். வென்றவர் ரிச்சி வைட் என்ற மரத்தொழிலாளி. அவர் ஒரு முறைகூடச் சுடவில்லை. காட்டை அறிந்தவர் என்பதால் சத்தமில்லாமல் நடந்து கொடிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சினாரியோ ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சம்பவமே போதும். சுடுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. பாலத்தைப் பிடிப்பது, செய்தியைக் கொண்டு சேர்ப்பது, மருத்துவராக நின்று ‘அடிபட்ட’ வீரரை மீண்டும் ஆட்டத்துக்குள் அனுப்புவது, பொறியாளராகத் தடையை உடைப்பது என்று ஆளுக்கு ஒரு வேலை உண்டு. வேகமாக ஓட முடியாதவருக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஓக்லஹோமாவில் எப்படிச் சேர்த்தார்கள்?

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. அந்தப் படையில் பொறியாளர் பிரிவில் இருந்த தம் தாத்தாவின் நினைவாக டுவேன் கன்வர்ஸ் என்பவர் 1997இல் ‘ஓக்லஹோமா டி-டே’ என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் வந்தவர்கள் 135 பேர். பின்னர் அது சுமார் 4,000 பேர் கூடும் அளவுக்கு வளர்ந்தது.

இவ்வளவு பேரையும் ஒருவரே அழைத்துச் சேர்க்க முடியாது. சினாரியோ ஆட்டங்களில் இரண்டு தரப்புக்கும் தலைமைத் தளபதிகள் நியமிக்கப்படுவார்கள். அவர்களுக்குக் கீழே உண்மையான போரில் இருந்த படைப்பிரிவுகளின் பெயரில் குழுக்கள் அமையும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் இருப்பார். ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. தனியாக வருபவரைக்கூட ஏதாவது ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாதவராக அவர் ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை.

கோயில் திருவிழாவில் பந்தல், அன்னதானம், காவடி என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது. “திருவிழாவுக்கு வாங்க” என்றால் பத்துப் பேர் வருவார்கள். “அண்ணே, தண்ணீர்ப் பந்தல் உங்க பொறுப்பு” என்றால் அந்த அண்ணன் தன்னோடு பத்துப் பேரை அழைத்து வருவார்.

அடுத்த சிக்கல், தோற்ற பக்கத்துக்கு ஆள் பிடிப்பது. ‘ஜெர்மன் படையில் யார் நிற்பீர்கள்?’ என்று கேட்டால் கை தூக்குபவர் குறைவாகத்தான் இருப்பார்கள். இதற்கு ஏற்பாட்டாளர்கள் கண்ட வழி எளியது. வரலாற்றில் யார் வென்றார் என்பது ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்காது. எந்த இடத்தை யார் பிடித்தார், எவ்வளவு நேரம் காத்தார் என்பதற்கே புள்ளிகள். அதனால் வரலாற்றில் தோற்ற பக்கமும் களத்தில் வெல்லலாம். இரு தரப்புக்கும் சமமான வாய்ப்பு உண்டு என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள்.

நம் மண்ணில் எந்தப் போர்?

மலேசியாவுக்குப் பெயிண்ட்பால் புதிதல்ல. லங்காவியில் அனைத்துலகப் போட்டிகளே நடந்திருக்கின்றன. வரலாற்றுக்கும் இங்கே பஞ்சமில்லை. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பேராக், கம்பாரில் நடந்த போரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரை நான்கு நாட்கள் தடுத்து நிறுத்தின. அங்குள்ள மேட்டில் சீக்கிய வீரர்கள் நடத்திய எதிர்த்தாக்குதல் இன்றும் பேசப்படுகிறது. அடுத்த சில நாட்களில், ஜனவரி 7 அன்று, சிலிம் ரிவரில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சென்ற சாலை வழியாக ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்து அந்தத் தற்காப்பை உடைத்தன.

இப்படி ஒரு போரை ஆட்டமாக்கினால் நம் இளைஞர் முதலில் கேட்கக் கூடிய கேள்வி, “இதில் நாம் எங்கே இருந்தோம்?” என்பதாகத்தான் இருக்கும். டாங்கிகள் கடந்து சென்ற தோட்டங்களின் லயங்களில் இருந்தவர்கள் நம்மவர்கள். செந்தூல் ரயில் பட்டறையிலும் தண்டவாளங்களிலும் உழைத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். 1945 பிப்ரவரியில் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூர் ரயில் பட்டறையைக் குறிவைத்துக் குண்டு வீசின. அதே ஆண்டு மார்ச் 10 அன்று வீசப்பட்ட குண்டுகளில் சிலாங்கூர் அரும்பொருளகத்தின் ஒரு பகுதி தரைமட்டமானது. நார்மண்டியில் வெற்றி பெற்ற அதே தரப்பின் குண்டுகள்தான் இங்கே நம்மவர் வேலை செய்த இடத்தின் மீது விழுந்தன. நல்லவர், கெட்டவர் என்று இரண்டு சட்டைகளை மட்டும் தைத்துக் கொடுத்து இந்த வரலாற்றை ஆடிவிட முடியாது.

மூன்று ஆள் சேர்ப்புகள்

‘ஆள் சேர்ப்பு’ நம் சமுதாயத்துக்குப் புதிய சொல் அல்ல. ஏற்பாட்டாளர்களும் சேருகிறவர்களும் அதன் மூன்று முகங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது கங்காணி முறை. கங்காணி ஊருக்குப் போய் உறவுக்காரர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் மலாயாவைப் பற்றிச் சொல்லி ஆள் கட்டி வந்தார். சேர்த்த ஆட்கள் வேலைக்கு இறங்குவதற்கு ஏற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938இல் இந்தியா தடை விதித்ததோடு இந்த முறை முடிவுக்கு வந்தது.

இரண்டாவது சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் - பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் மலாயாவில் ஆள் சேர்த்தபோது, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், உணவும் தங்குமிடமும் இலவசம், மூன்று மாதத்தில் திரும்பி விடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அதை நம்பிப் போனவர்கள் உண்டு. விளம்பரத்துக்குப் போதிய ஆள் வராதபோது தோட்டங்களில் ஆட்களைப் பிடித்தார்கள். இலவசப் படம் என்று கூட்டி, கதவை அடைத்து, இளைஞர்களை ஏற்றிச் சென்றதும் நடந்தது. மலாயாவிலிருந்து 70,000க்கும் அதிகமானோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பி வரவே இல்லை.

மூன்றாவது இந்திய தேசிய ராணுவம். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றார். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. தோட்டப்புறப் பெண்களும் பட்டணத்துப் பெண்களும் ஒரே முகாமில் பயிற்சி பெற்றார்கள். கோலாலம்பூரில் நேதாஜியின் உரையைக் கேட்டு நகைகளைக் கழற்றிக் கொடுத்து, பிறகு அந்தப் படையிலும் சேர்ந்தவர் ஜானகி ஆதி நாகப்பன். பின்னாளில் அவர் மேலவை உறுப்பினராகவும் இருந்தார். இந்தப் படையில் சேர்ந்தவர்களின் காரணங்களும் ஒன்றுபோல இல்லை. நாட்டுப் பற்றோடு போனவர்கள் பலர். சயாம் ரயிலுக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்புவதற்காகப் போனவர்களும் உண்டு.

விளையாட்டையும் இந்த வரலாற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் மூன்றும் ஒரு பாடத்தைச் சொல்லித் தருகின்றன. சேருகிறவரிடம் எல்லா விவரத்தையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் அவர் விலகிப்போக வழி இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத இடத்தில் ஆள் சேர்ப்பு ஆள் பிடிப்பாக மாறிவிடுகிறது.

எதை ஆட்டமாக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்பதற்கும் இதுவே அளவுகோல். கம்பார் போரில் இரு தரப்பும் ஆயுதம் ஏந்தி நின்றன. அதை ஆட்டமாக்கலாம். சயாம் ரயிலில் ஒரு பக்கம் காவலர்கள், மறுபக்கம் பசியும் காலராவும் சூழ்ந்த கூலிகள். அங்கே இரண்டு அணிகள் இல்லை. அதை ஆட்டமாக்குவது இறந்தவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும்.

அவசரகாலமும் அப்படித்தான். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் காலத்தின் இரு பக்கங்களிலும் உறவினரை இழந்த குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன.

பெயர் கொடுப்பதற்கு முன்

ஓர் அழைப்பு கைப்பேசிக்கு வந்தால் கேட்க வேண்டியவை இவை:

இடமும் அனுமதியும்: நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் மீதான கூடுதல் தண்டனைச் சட்டமும் கடுமையானவை. போலித் துப்பாக்கியைக் காட்டிப் பிறரை அச்சுறுத்துவதும் குற்றம். ஆகவே உரிமம் உள்ள களத்தில், அவர்கள் தரும் மார்க்கரை வைத்து மட்டுமே ஆட வேண்டும். இணையத்தில் வாங்கி வீட்டில் வைப்பது, தாமான் திடலில் எடுத்துப் பார்ப்பது, சாலையில் கையில் வைத்துப் படம் எடுப்பது எல்லாம் வம்பை விலைக்கு வாங்குவதாகும். சந்தேகம் இருந்தால் முதலில் போலீஸ் நிலையத்தில் கேளுங்கள்.

கண் பாதுகாப்பு: குண்டு வினாடிக்கு 300 அடிக்கு மேல் பாயக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. அதுவே மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர் வேகம். உடம்பில் பட்டால் கன்றிப்போகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு மார்க்கரின் வேகமும் அளக்கப்படுகிறதா என்று கேளுங்கள். களத்துக்குள் இருக்கும் வரை, எவ்வளவு வியர்த்தாலும் முகக்கவசத்தைக் கழற்றக்கூடாது.

மொத்தச் செலவு: நுழைவுக் கட்டணம் மட்டும் செலவு அல்ல. குண்டுகள், காற்று, வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து எத்தனை வெள்ளி என்று கேளுங்கள். குறைந்த கட்டணம் சொல்லி அழைத்து, களத்தில் குண்டு விலையில் ஈடுகட்டும் இடங்களும் இருக்கலாம்.

குண்டின் தோல்: பெயிண்ட்பால் குண்டின் மேல்தோல் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. வெடித்தால் வாயிலும் படலாம். சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்று கேட்கலாம். பதில் சொல்வது ஏற்பாட்டாளரின் கடமை.

வயது, காப்புறுதி, முதலுதவி: பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கையெழுத்து கேட்கிறார்களா? காப்புறுதி யாருக்கு, எதுவரை? முதலுதவி தெரிந்தவர் களத்தில் இருப்பாரா? ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கதை என்ன: எந்தப் போர், எந்தப் பக்கம், நமக்கு என்ன வேலை? இதை எழுத்தில் கொடுக்காத ஏற்பாட்டாளர் கதையைச் சரியாகப் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எதற்கும் பதில் வராவிட்டால் பெயர் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தால் தாராளமாகப் போய் ஆடலாம்.

போவதற்கு முந்தைய இரவு இன்னொரு காரியம் செய்யலாம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், “ஜப்பான்காரன் காலத்தில் நம்ம குடும்பம் எங்கே இருந்தது?” என்று கேளுங்கள். அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது மிகக் குறைவு. அவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர், திரும்பி வராத ஒருவரின் பெயர், மரவள்ளிக்கிழங்கு தின்று கடத்திய நாட்கள் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். கிடைத்ததை எழுதி வைத்துவிட்டு மறுநாள் களத்துக்குப் போகலாம்.