ஜன்னலோரக் கரி

நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் காற்றும் உண்டு, கண்ணில் கரியும் உண்டு. வெள்ளை வேட்டியோடு ஏறியவர் புள்ளி புள்ளியாகக் கறுத்து இறங்குவார்.

இந்தக் கரி எங்கிருந்து வந்தது? வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறிப் பாயும்போது அடுப்பின் காற்றையும் இழுக்கும். அந்த வேகத்தில் எரிந்தும் எரியாத நிலக்கரித் துணுக்குகள் குழாய்களுக்குள் புகுந்து, வெளியே பறக்கும். தடுக்க, எஞ்சினின் முன்புறப் புகைப்பெட்டிக்குள் கம்பிவலை பொருத்தினார்கள். வலைக்கண் பெரிதானால் பொறி தப்பிவிடும். சிறிதானால் கரி அடைத்து, அடுப்பு மூச்சுத் திணறும். எஞ்சின் ஓட்டுபவருக்கு இரண்டாவதுதான் பெரிய தலைவலி!

மிச்சத்தைப் பயணிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியை இறக்கினால் புழுக்கம். மரச்சட்டங்கள் சாய்வாக அடுக்கிய கதவை இறக்கினால் காற்று வரும், பெருங்கரி வராது, நுண்தூசி வரும். அனுபவசாலிகள் எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது; புகை பின்தங்குவது கொசுறு. இறங்கும்போது எஞ்சின் முன்னால் வந்துவிடும்.